கடவையும் சாட்சியும்: கண்டியில் மாணவர் பாதுகாப்புப் பற்றியதொரு வரலாற்று நோக்கு

பேராதனைக்கு அண்மையில், உடுநுவரைப் பகுதியில், எலதெத்த என்னும் சிற்றூர் உண்டு. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் கைதியாகப் பத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்த றொபேர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தமது சிறைவாசத்தின் பிற்பகுதியில் வீடமைத்து வாழ்ந்த ஊர் இதுவாகும். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு 1679இல் தப்பியோடிய அவர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூல், கண்டி இராச்சியத்தின் சமூக வரலாற்றை எழுதப் புகும் எவரும் தவிர்த்தற்கியலாத சான்றாகும். ஆட்சிமுறை, உழவு, உணவு, சமயம் ஆகியவை பற்றிய செய்திகளுக்காகவே அந்நூல் பெரிதும் படிக்கப்படுகின்றது. ஆயின், காவல் என்னும் பொருளை மனத்திற்கொண்டு அதனைப் படிப்போருக்கு வேறொரு செய்தியும் கிடைக்கின்றது.

மலைகளும் காடுகளும் சூழ்ந்த அவ்விராச்சியத்தினுள் நுழையும் ஒற்றையடிப் பாதைகளில் முட்கதவுகள் இடப்பட்டிருந்தன. அவ்விடங்களிற் காவலர் இருந்தனர். சிங்களத்திற் 'கடவத்த' எனப்பட்ட இக்காவலிடங்களைக் கடந்து செல்வோர், அரண்மனையிலிருந்து பெற்ற களிமண் முத்திரையைக் காட்டுதல் வேண்டும். அம்முத்திரை எல்லோர்க்கும் ஒன்றாக இருக்கவில்லை. போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி தாங்கிய மனிதனின் உருவம். சுமைகாரனுக்குக் காவடித்தடியின் இருமுனையிலும் பொதி தொங்கவிட்ட மனிதனின் உருவம். வெள்ளையனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியும் கொண்ட மனிதனின் உருவம். காவலன் அறிய விரும்பியது, வருபவன் என்ன செய்யப்போகின்றான் என்பதையன்று. அவன் யார் என்பதையே.

இக்காவல் யாரைத் தடுத்தது என வினவுதல் பொருத்தமாகும். அது நொக்ஸைத் தடுக்கவில்லை. அவர் தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்து வட்டிக்கு வாங்கினார். சிறு சரக்குகளைச் சுமந்து வடதிசை ஊர்களுக்குப் பலமுறை சென்று திரும்பினார். வழியிலுள்ளோர் யாவரும் அவரை அறிந்திருந்தனர். அறிந்திருந்தமையாலேயே ஐயுறவில்லை. இறுதியில் அதே வணிகர் கோலத்திற் புறப்பட்டு, அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரைவழியே சென்று அரிப்புக் கோட்டையை அடைந்து ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். அந்நியனைத் தடுக்க அமைந்த கடவை, பழகியவனுக்குத் தானே வழிவிட்டது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இதே பள்ளத்தாக்கில் வந்து தங்கிய பல்கலைக்கழக மாணவரின் பாதுகாப்பு வரலாற்றை ஆராயுமிடத்து, இச்சிறு நிகழ்ச்சி பெரிதும் மனங்கொள்ளத்தக்கதாகின்றது.

கண்டி இராச்சியத்தில் வேறொரு வகைக் காவலும் இருந்தது. அது கம்சபா எனப்பட்ட ஊர்ச்சபையாகும். 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர் கண்டியில் வதிவிடப் பிரதிநிதியாகப் பணிபுரிந்த ஜோன் டொயிலி எழுதிவைத்த குறிப்புகள் இதனை அறிய உதவுவன. அம்பலத்திலோ மரநிழலிலோ ஊரின் மூத்தோர் கூடுவர். எல்லைத் தகராறு, கடன், சிறு களவு, கைகலப்பு ஆகியவற்றை விசாரிப்பர். இயன்றவரை இருதரப்பையும் இணக்கி அனுப்புவர். நடந்ததைக் கண்டவன் ஊரவன், கேட்பவனும் ஊரவன். இம்முறையைப் பொற்காலமாகப் போற்றுதல் தவறாகும். சாதியாலும் செல்வத்தாலும் தாழ்ந்தவனுக்கு அம்மரநிழலில் எவ்வளவு இடமிருந்தது என்பது ஐயத்துக்குரியது. எனினும், அதன் அடிப்படை கடவத்தையின் அடிப்படையினின்றும் வேறானது. கடவத்தை அடையாளத்தைக் கேட்டது; கம்சபா சாட்சியைக் கேட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் முன்னையது வளர்ந்தது, பின்னையது தேய்ந்தது எனச் சுருங்கக் கூறலாம். காப்பித் தோட்டங்கள் பெருகியதோடு தென்னிந்தியத் தொழிலாளர் மாத்தளை வழியாகக் கண்டி மலைகளுக்கு வரத் தொடங்கினர். 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம், வீதியில் நடமாடும் ஏழையையே ஐயத்துக்குரியவனாக்கியது. 1865ஆம் ஆண்டு தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்தது. அதே ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமே இன்றும் இலங்கைப் பொலிஸின் அடிப்படைச் சட்டமாக விளங்குவது. வில்லியம் றொபேர்ட் கம்பெல் முதலாவது பொலிஸ்மா அதிபரானார். 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1876இல் போகம்பரைச் சிறைச்சாலை கட்டப்பட்டது. தோட்டத்தை விட்டு ஓடுதல் குற்றமான அதே ஆண்டில், குற்றம் தடுக்கும் படைக்கும் சட்டம் பிறந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இவ்விரு சட்டங்களும் ஒரே மனப்பாங்கிற் பிறந்தவை என்பதை மறுத்தல் கடினம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரின் கழுத்தில் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரத்துண்டு கட்டப்பட்டது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதை அது கூறும். நொக்ஸ் கண்ட களிமண் முத்திரையின் வழித்தோன்றல் அது. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு: முத்திரை அதனைக் கொண்டவனை வழிவிடச் செய்தது, தகரத்துண்டு அதனை அணிந்தவனைத் திருப்பியனுப்ப உதவியது. கம்சபாவையும் ஆங்கிலேயர் முற்றாக மறந்துவிட்டனர் என்பதற்கில்லை. 1871இல் கிராமச் சமூகங்கள் கட்டளைச்சட்டத்தின் மூலம் அதனை மீண்டும் நிறுவினர். ஆனால் அது நகரத்தின் காவலாக என்றும் அமையவில்லை. 1915 மே மாத இறுதியில் கண்டி காசில்ஹில் வீதியில், வெசாக் ஊர்வலம் பள்ளிவாசலைக் கடப்பது பற்றிய தகராறிலிருந்து எழுந்த கலகம் சில நாட்களுள் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியபோது, ஒரே தெருவில் நெடுங்காலம் கடை நடத்தியோரின் அறிமுகம் ஒருவரையொருவர் காக்கப் போதவில்லை என்பது தெளிவாயிற்று.

இத்தகைய நகரின் அருகிலேதான் பல்கலைக்கழகம் அமைந்தது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு நிலையான இடம் எது என்பது பற்றிய வாதம் அதற்கு முன்பே பல்லாண்டுகள் நடந்தது. கொழும்பா, கண்டியின் தும்பறைப் பள்ளத்தாக்கில் அருப்பொலையா, பேராதனையா என்ற அப்பூசலுக்கு 'இடச்சமர்' என்றே பெயரிட்டனர். உறைவிடப் பல்கலைக்கழகம் என்னும் எண்ணம் அவ்வாதத்தின் மையத்தில் இருந்தது. தலைநகரின் கவர்ச்சிகளினின்றும் விலகி, ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் வாழ்ந்து கற்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து. முதல் துணைவேந்தராகிய ஐவர் ஜெனிங்ஸ் அதனைத் தமதாக்கிக்கொண்டார். பற்றிக் அபர்குரொம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் திட்டமிட்டனர். சேர்லி டி அல்விஸ் கட்டடங்களை வரைந்தார். ஹந்தானை மலைக்கும் மகாவலி கங்கைக்கும் இடையே 1952இல் பெருந்தொகையான மாணவர் குடிபுகுந்தனர்.

அவ்வமைப்பைப் பாதுகாப்பின் நோக்கில் ஆராய்ந்தால், அது ஒரு புதிய கடவத்தை எனலாம். மலையும் ஆறும் இயற்கை அரண். விடுதிக்கு விடுதி காப்பாளர். வெளியார் வரவுக்குக் கட்டுப்பாடு. பெண்கள் விடுதிகளில் இரவு திரும்பும் நேரத்துக்கு வரம்பு. நகரம் ஆபத்துடையது, வளாகம் அமைதியுடையது என்னும் கருத்து இவ்வேற்பாடுகள் யாவற்றுக்கும் அடியில் இருந்தது. ஊரிலிருந்து தம் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரும் அவ்வாறே நம்பினர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலுமிருந்து இரவுப் புகையிரதமேறி வந்து பேராதனைச் சந்தியில் இறங்கிய பிள்ளை, விடுதியை அடைந்துவிட்டது என்ற கடிதம் கண்டபின் வீட்டார்க்குக் கவலை நீங்கியது.

கவலை நீங்கியிருக்க வேண்டியதில்லை. பேராதனை மாணவருக்கு நேர்ந்த பெருந்தீங்குகளை ஆண்டு வரிசையில் வைத்து நோக்குமிடத்து, அவற்றுட் பல நகரத்துத் திருடனாலோ வழிப்பறிகாரனாலோ நேர்ந்தவையல்ல என்பது புலனாகும். அவை வளாகத்துள்ளே, மாணவனின் பெயரை அறிந்தோராலும், அவனைக் காக்கக் கடமைப்பட்டோராலும் நேர்ந்தவை.

முதலிற் பகிடிவதையை எடுத்துக்கொள்வோம். ஆங்கில உறைவிடக் கல்வி மரபோடு வந்த வழக்கம் இது. இச்சொல்லே அதன் வரலாற்றைத் தன்னுட் கொண்டது: பகிடியாகத் தொடங்கி வதையாக முடிந்தது. புதியவனைப் பாடச்சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்திருக்கலாம். 1975இல் பேராதனை மாணவி ஒருவர், பகிடிவதைக்கு அஞ்சி விடுதியின் மேல்மாடியிலிருந்து குதித்தார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் நடக்கவியலாதவராய் இருந்து, 2002இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இருபத்தேழு ஆண்டுகள் ஒரு விடுதி மாலையின் நீட்சியாகக் கழிந்தன. 1997இல் பொறியியற் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர், மூத்த மாணவர் செய்வித்த கடும் உடற்பயிற்சியின் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பொதுவாயமைந்த ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தீங்கு செய்தோர் அந்நியரல்லர். எந்தக் காவலனும் வாயிலில் அவர்களை நிறுத்தியிருக்க மாட்டான். அவர்களிடம் மாணவர் அட்டை இருந்தது. வதை நடந்த இடமும் தனியிடமன்று. விடுதி என்பது நூற்றுக்கணக்கானோர் உறங்கும் இடம். மெல்லிய சுவர்களுக்கு அப்பால் கேட்டவர் இருந்தனர். ஒன்றாகச் சாப்பிட்டவர் இருந்தனர். எனவே காவலன் இல்லாமை குறையன்று; சாட்சி சொல்வோர் இல்லாமையே குறை. சாட்சி ஏன் எழவில்லை என்பதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. சென்ற ஆண்டு வதைபட்டவனே இவ்வாண்டு அறைக்கு வெளியே நிற்பவன். தான் பட்டதைப் பிறர்க்கும் உரியதெனக் கருதுவோனிடமிருந்து சாட்சியை எதிர்பார்த்தல் அரிது. முறையிடுபவனை 'காட்டிக்கொடுப்பவன்' என்று அழைக்கும் வழக்கும் மாணவரிடையே வேரூன்றியிருந்தது. சொல்லொன்று சட்டத்தை விட வலியதாக நின்ற சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

1997ஆம் ஆண்டு மரணத்தின் பின், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் இச்சட்டம், உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு விளைக்கும் செயலையும் அச்சமூட்டும் செயலையும் பகிடிவதையென வரையறுத்து, இரண்டாண்டு வரையான கடூழியச் சிறையை விதிக்கின்றது. பாலியற் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேருமாயின் தண்டனை பத்தாண்டு வரை நீளும். சட்டம் கடுமையானதே. ஆயின் அது சாட்சியின் நாவை நம்பியே நிற்கும் சட்டம். குற்றச்செயலால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் தனிச்சட்டம் இந்நாட்டில் 2015இலேயே வந்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. பகிடிவதைச் சட்டத்துக்கும் சாட்சிகளின் பாதுகாப்புச் சட்டத்துக்கும் இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில், விடுதியில் இரவு கண்டதைப் பகலில் கூற முன்வந்த முதலாண்டு மாணவனுக்கு அரணாக இருந்தது அவனது துணிவு மட்டுமே.

இரண்டாவதாக, காக்க வந்தோரால் நேர்ந்த தீங்கு. 1976 நவம்பர் 12ஆம் நாள் பேராதனை வளாகத்துள் பொலிஸார் சுட்டதில் வீரசூரிய என்னும் மாணவர் உயிரிழந்தார். வளாகம் தீண்டத்தகாத புனித நிலம் என்றிருந்த எண்ணம் அன்றோடு உடைந்தது. அந்நாளை மாணவர் பின்னரும் நினைவுகூர்ந்து வந்தனர். பொலிஸ் வளாகத்துள் நுழைதலை மாணவர் ஐயத்தோடு நோக்குவதற்கு இந்நிகழ்ச்சியே தலையாய காரணமெனக் கூறுதல் மிகையாகாது. இவ்வையம் நியாயமானது, அதேவேளை அது ஒரு விலையையும் கொண்டது. வதைபட்டவன் செல்ல வேண்டிய இடமும் பொலிஸ் நிலையமே. மாணவர் ஒற்றுமையின் பெயரால் அக்கதவு மூடப்பட்டபோது, அதனால் நன்மையடைந்தோருள் வதைத்தவனும் ஒருவன்.

மூன்றாவது தமிழ் மாணவரோடு சிறப்பாகத் தொடர்புடையது. 1977 ஓகஸ்டில் நாட்டிற் பரவிய வன்செயலைக் கண்டியும் கண்டது. அதனை விசாரிக்க முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. 1983 மே மாதத்தில் பேராதனை விடுதிகளிலே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். பலர் படிப்பை விட்டு ஊர் சென்றனர். இரு மாதங்களின் பின், யூலை 26ஆம் நாள், கண்டி நகரிற் பேராதனை வீதியிலும் காசில் வீதியிலும் கொழும்பு வீதியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. இவற்றின் அரசியற் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பாதுகாப்பு என்ற ஒன்றை மட்டும் நோக்கினால், மே மாதத் தாக்குதலில் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே விடுதியின் உணவறையில் உண்டவர்கள். யார் எந்த அறையில் இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள வெளியிலிருந்து எவரும் வரவேண்டியிருக்கவில்லை. யூலையிற் கொழும்பிலே கலகக்காரர் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளைத் தெரிந்தெடுத்தமை பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. ஒழுங்குக்காகத் தொகுக்கப்பட்ட பெயர்ப்பட்டியல் ஒன்று, அழிவுக்கும் வழிகாட்டும் என்பதை அந்நாட்கள் காட்டின. அதே நாட்களில், தமிழரைத் தம் வீட்டினுள் மறைத்துக் காத்த சிங்கள அயலவர் பலர் இருந்தனர். அவர்கள் எவரிடமும் அடையாள அட்டை கேட்கவில்லை.

1989ஆம் ஆண்டின் கொடுமை இன்னொரு வகையானது. ஒக்ரோபர் மாதத்திற் பல்கலைக்கழகத்தின் உதவிப் பதிவாளராயிருந்த ஓய்வுபெற்ற இராணுவக் கப்டன் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்த நாட்காலை, வளாகத்தின் நடுவிலுள்ள தடாகத்தைச் சுற்றித் துண்டிக்கப்பட்ட மனிதத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. வளாகத்தை வரைந்த அல்விஸின் பெயரால் வழங்கும் தடாகம் அது. இன்றும் மாணவர் அதன் ஓரத்தில் அமர்ந்து பேசுகின்றனர். தலைகளுக்குரியோர் யார், வைத்தோர் யார் என்பது முறையான நீதிமன்றத் தீர்ப்பில் வெளிப்பட்டிலது. பல்கலைக்கழகம் முழுவதும் கண்ட காட்சிக்கு, பெயர் கூறும் சாட்சி ஒன்றில்லை.

போர்க்காலத்திற் கடவத்தை மீண்டும் தன் முழு உருவில் தோன்றியது. ஆட்பதிவுச் சட்டம் 1968இல் இயற்றப்பட்டு, 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. நோக்கம் நிருவாகம். ஆனால் எண்பதுகள் முதல், கண்டியில் அறை வாடகைக்கெடுத்த தமிழ் மாணவனுக்கு அவ்வட்டையின் பிறந்த இடமும், அதில் தமிழெழுத்து உண்டா இல்லையா என்பதும் அன்றாடக் கேள்விகளாயின. வீட்டுக்காரர், தங்குவோரின் பெயர்களைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. 1998 ஜனவரி 25ஆம் நாள் தலதா மாளிகை மீது நடந்த குண்டுத் தாக்குதலின் பின் சோதனைகள் மேலும் இறுகின. மாளிகைக்கு முன்னுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. 2011 ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியாகும் வரை இந்நிலை கூடியும் குறைந்தும் நீடித்தது. வெடிகுண்டைத் தடுக்க ஒரு நகரம் சோதனைச் சாவடி அமைப்பதில் தவறு காண முடியாது. எனினும், அச்சாவடியில் நின்ற மாணவன் தன்னைப் பாதுகாக்கப்படுபவனாகவன்றி, பிறர் பாதுகாக்கப்படுவதற்குக் காரணமான ஆபத்தாகவே உணர்ந்தான். அவன் பணப்பை பறிபோனால் அதே சீருடையினரிடம் சென்று முறையிடுவானா என்பது வேறு கேள்வி.

இக்கேள்வி இன்றும் முடிவுறாத ஒன்று. மாணவர் தொகை பெருகப் பெருக, விடுதிகள் எல்லோரையும் தாங்கவில்லை. ஹிந்தகல, மீவத்துர, பெனிதெனிய ஆகிய அயலூர்களில் மாணவர் அறையெடுத்துத் தங்குகின்றனர். ஜெனிங்ஸ் கண்ட அரண் இவர்களுக்கு இல்லை. நகரமும் வளாகமும் இரண்டென்னும் பிரிவும் இவர்கள் வாழ்வில் இல்லை. நூலகத்திலிருந்து இரவு திரும்பும் கலஹா வீதியும், கண்டிப் பேருந்து நிலையமும், மாலை நேரத்து நெரிசற் பேருந்தும் இவர்களது அன்றாடப் புலம். அங்கு நிகழ்வது பெரிய குற்றங்களல்ல. கைத்தொலைபேசி, பணப்பை ஆகியவற்றின் களவும், பெண்கள் படும் தொல்லையுமே மிகுதி.

பின்னையதைப் பற்றி ஓரளவு அறிவு உண்டு. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியற் தொந்தரவைக் குற்றமாக்கி ஐந்தாண்டு வரையான சிறையை விதித்தது. இருபதாண்டுகளின் பின், 2015இல், ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் நாடெங்கும் மேற்கொண்ட ஆய்வில், பேருந்திலும் புகையிரதத்திலும் பெண்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இத்தொந்தரவுக்கு ஆளாகியிருந்தமை தெரியவந்தது. பொலிஸாரின் உதவியை நாடியோர் நூற்றுக்கு நால்வர். பேருந்து தனியிடமன்று, விடுதியைப் போலவே அதுவும் கண்கள் நிறைந்த இடம். தொண்ணூற்றுக்கும் நாலுக்கும் இடையிலுள்ள எண்பத்தாறு, பொலிஸின் குறையை மட்டுமன்றி, அருகில் நின்றோரின் மௌனத்தையும் அளக்கின்றது. தொந்தரவு செய்பவனை நோக்கி ஒரு பெண் குரலெழுப்பும்போது அருகிலிருப்பவர் சன்னலுக்கு வெளியே பார்க்கும் வழக்கம் எப்போது தொடங்கியதென்று எந்த ஆவணமும் கூறாது. மாணவியருக்கு வழங்கப்படும் அறிவுரைகளோ, இருட்டுமுன் திரும்புக, தனியே செல்லற்க, நகை அணியற்க என்ற அளவில் நிற்கின்றன. ஐம்பதுகளின் விடுதி மணியினின்றும் இவ்வறிவுரை அதிக தூரம் வந்துவிடவில்லை. பாதிக்கப்படுபவளின் நடமாட்டத்துக்குக் கடவை இடும் மரபு இது. கண்டவனின் வாயைத் திறக்கும் மரபன்று.

முறைப்பாடு செய்யச் சென்றோரின் நிலையிலும் ஒன்று குறிப்பிடத்தக்கது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பகுதிகளிலும் தமிழிற் கருமமாற்றும் உரிமையைக் குடிமகனுக்கு அளித்தது. கண்டி மாவட்டம் அத்தகைய பகுதியே. உரிமை உண்டு, எழுதுவோர் குறைவு. தமிழ் மாணவனின் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்பட்டு, அவன் முன் கையொப்பத்துக்காக நீட்டப்படுகின்றது. பேசும் சிங்களம் அறிந்த மாணவனாலும் உத்தியோகத்தரின் விரைவான கையெழுத்தை வாசிக்க இயலாது. களவுபோன பொருள், நேரம், இடம், சந்தேக நபரின் தோற்றம் ஆகியவற்றுள் ஒன்று பிழைத்தாலும், மாதங்கள் கழித்து நீதிமன்றில் அவன் வாயாலேயே அவன் சாட்சி முறிக்கப்படும். காண்பதும் பேசத் துணிவதும் மட்டும் சாட்சியை ஆக்குவதில்லை. அவன் சொல்லிய சொல் அவன் சொல்லாகவே ஏட்டில் நிற்றல் வேண்டும்.

இவ்விடத்தில் மாணவர் அமைப்புகள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. புதிய மாணவரைப் புகையிரத நிலையத்தில் எதிர்கொண்டு அழைத்துவரும் வழக்கம் தமிழ் மாணவரிடையே நெடுநாளாக உள்ளது. மொழி தெரியாத ஊரில் பேருதவியாயமைந்த அவ்வழக்கமே, சில சமயம் பகிடிவதையின் முதற்படியாகவும் ஆனது. அதே கைகள், களவோ தாக்குதலோ தொந்தரவோ நேர்ந்தவரோடு பொலிஸ் நிலையம் வரை கூடச் செல்லும் பணியை ஏற்கலாம். இரு மொழியும் வாசிக்க வல்ல சிங்கள மாணவர் ஒருவரும் உடன் செல்வாராயின் மிக நன்று. கையொப்பமிடுமுன் வாக்குமூலத்தை உரத்து வாசிக்கும்படி கேட்டல், தவறிருப்பின் திருத்துவித்தல், முறைப்பாட்டின் இலக்கத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளல், பின்னர் அது என்னவாயிற்று என மீண்டும் சென்று வினவுதல் ஆகியன அவர்கள் செய்ய வேண்டுவன. 119 என்னும் பொலிஸ் அவசர இலக்கத்தையும் 1938 என்னும் பெண்கள் உதவி இலக்கத்தையும் அறிந்தோர் பலர். அவ்விலக்கங்களைச் சுழற்றியபின் நடப்பதை அறிந்தோர் சிலரே.

போகம்பரைச் சிறைச்சாலையிலிருந்த கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டு, 2014இன் தொடக்கத்தோடு அக்கட்டடம் சிறையாக இருத்தல் ஒழிந்தது. நகர நடுவில் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகக் குற்றத்தின் முடிவிடமாக நின்ற அதன் உயர்ந்த மதிலருகே பேருந்துக்காக மாணவர் நிற்கின்றனர். வரிசையிற் கடைசியாக நிற்பவளின் பையில் ஒரு கை நுழையுமாயின், அதனைக் காணக்கூடியவன் அவளுக்குப் பின்னால் வந்து சேர்பவன்.